இறந்தவரின் கணக்கை யார் முடிப்பது?

கணக்கு என்று சொன்னாலே பி.காம். படிக்கிற எங்களுக்குப் பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும்தான் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது அல்ல. ஆனாலும் நடுவில் ஓர் இடத்தில் அங்கே போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்ச் மாதம் ஒரு காலையில் என் செல்பேசியில் ஓர் அறிவிப்பு. இன்று இவருக்குப் பிறந்த நாள், வாழ்த்துச் சொல்லுங்கள் என்று. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்த அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அதற்கு முந்தைய அக்டோபரில் பைக் விபத்தில் இறந்துபோனார். பந்தல் போட்ட அன்று நாற்காலி இறக்கியவன் நான். (எந்தத் தளம் என்ற பெயர் இங்கே வேண்டாம்.) விஷயம் தெரியாத ஏழெட்டுப் பேர் கேக் படம் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அவருடைய அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பிறந்த நாள் தொல்லையை நிறுத்த முடியுமா பாரு. ஆனா போட்டோ ஒண்ணுகூடப் போயிடக் கூடாது. அம்மா தினமும் ராத்திரி அதைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்காங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்புறம் அந்த மெசேஜ் எல்லாம் திறக்க முடியுமா? அந்த நேரத்துல அவன் எங்க கிளம்பினான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியலை" என்றார்.

பார்க்கிறேன் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்கத் தொடங்கியதும் தெரிந்தது, அக்கா கேட்ட கேள்விகளையே உலகத்தில் பல குடும்பங்கள் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டு இருக்கின்றன என்று. இன்னொன்றும் தெரிந்தது. இன்றைக்கு இந்தத் தளங்களில் இருக்கிற விதிகளில் பலவற்றுக்குப் பின்னால், கதவைத் தட்டிய ஒரு அப்பாவோ அம்மாவோ நண்பரோ இருக்கிறார்கள்.

முதல் கதை சமூக வலைத்தளக் கதை அல்ல, மின்னஞ்சல் கதை. 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜா அருகே ஓர் அமெரிக்க மரைன் வீரர் குண்டு வெடிப்பில் இறந்தார். வயது 20. போர்முனையில் இருந்தபோது வீட்டாரோடும் நண்பர்களோடும் அவர் பேசிக்கொண்டது யாஹூ மின்னஞ்சலில். அந்தக் கடிதங்களைத் தொகுத்து வைக்க வேண்டும் என்று மிச்சிகனில் இருந்த அவருடைய அப்பா யாஹூவிடம் கேட்டார். யாஹூ மறுத்துவிட்டது. சேரும்போது எல்லோரும் படிக்காமலே "சம்மதம்" என்று அழுத்துகிற அந்த ஒப்பந்தத்தில், கணக்கை வேறொருவருக்கு மாற்ற முடியாது, ஆள் இறந்தால் உரிமையும் முடிந்தது என்று எழுதியிருந்தது. நீண்ட நாள் யாரும் நுழையாத கணக்கு அழிந்துவிடும் என்பதும் விதி. ஆகவே அப்பாவுக்கு அவசரம். மிச்சிகனின் ஓக்லண்ட் மாவட்ட நீதிமன்றம் 2005 ஏப்ரலில் கடிதங்களைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. யாஹூ ஒரு குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தது. அச்செடுத்தால் பத்தாயிரம் பக்கத்துக்கு மேல்.

ஒன்றைக் கவனியுங்கள். யாஹூ தன் விதியை மாற்றவில்லை. நீதிமன்றம் சொன்னது, கொடுத்தோம், அவ்வளவுதான். அடுத்த அப்பா மறுபடி நீதிமன்றம் போக வேண்டியதுதான். யாஹூ செய்தது முழுத் தவறு என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது. பதினெட்டு இருபது வயசுக்காரர்களுக்குச் செய்த தளத்தில் சாவுக்கு இடம் வைக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் முதல் சாவு கம்பெனிக்குள்ளேயே நடந்தது. ஃபேஸ்புக்கின் பாதுகாப்புப் பிரிவைக் கவனித்த மேக்ஸ் கெல்லி, தன் நெருங்கிய நண்பரும் அங்கேயே வேலை பார்த்தவருமான ஒருவர் சைக்கிள் விபத்தில் இறந்ததையும், அவருடைய பக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழுந்ததையும் பின்னாளில் எழுதினார். இறந்தவர் பக்கத்தை "நினைவுப் பக்கம்" ஆக்கும் ஏற்பாடு அங்கிருந்து வந்தது.

அதுவும் முதலில் நிரந்தரமாக இல்லை. கொஞ்ச காலம் வைத்திருந்து பிறகு எடுத்துவிடுவதாகத்தான் இருந்தது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், அதாவது ஃபேஸ்புக்கின் அன்றைய வாடிக்கையாளர்களே. அவர்களுடைய பக்கங்களில் நண்பர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எடுக்காதீர்கள் என்று கேட்டார்கள். பக்கங்கள் தங்கின.

2009-ல் இன்னொரு கூத்து. நீண்ட நாள் பேசாத நண்பரோடு மறுபடி பேசுங்கள் என்று ஃபேஸ்புக் ஓரத்தில் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. யார் நீண்ட நாளாகப் பேசாதவர்? கணினிக்கு வித்தியாசம் தெரியுமா? செத்துப்போனவர்களை எல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியது. கெல்லி அந்த விளக்கத்தை எழுதியது அப்போதுதான், 2009 அக்டோபரில். இறந்த செய்திக்கு ஆதாரம் கொடுத்தால் பக்கம் நினைவுப் பக்கம் ஆகும், ஆலோசனைகளில் வராது, நண்பர்கள் மட்டும் பார்க்கலாம், எழுதலாம், யாரும் உள்ளே நுழைய முடியாது என்றார்.

கடைசியாகச் சொன்னதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் உள்ளே நுழைய முடியாது. கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் முடியாது.

2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக்குக்குப் பத்து வயது. அதைக் கொண்டாட ஒவ்வொருவருக்கும் அவரவர் படங்களை வைத்து ஒரு நிமிடக் காணொளி தயாரித்துக் கொடுத்தார்கள். மிசௌரி மாநிலத்தில் ஓர் அப்பா, 2012-ல் இறந்த தன் 21 வயது மகனுக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று யூட்யூபில் பேசிப் போட்டார். மகன் கணக்கில் அவரால் நுழைய முடியவில்லை. அழுதுகொண்டே பேசிய அதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ஃபேஸ்புக்கில் இருந்து அவரைக் கூப்பிட்டுப் பேசி, காணொளியைச் செய்து கொடுத்தார்கள். அதே மாதம் விதியும் மாறியது. நினைவுப் பக்கத்தை நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்காமல், உயிரோடு இருந்தபோது அவர் யார் யார் பார்க்கலாம் என்று வைத்திருந்தாரோ அப்படியே விட்டுவிடுவோம் என்றார்கள். வருத்தத்தோடு ஒருவர் காமிரா முன் பேச வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பேசத் தெரியாதவர், ஆங்கிலம் வராதவர் என்ன செய்வார்?

அதே ஆண்டு டிசம்பரில், பத்து மாதம் முன்னால் வாங்கிய பாராட்டை எல்லாம் ஃபேஸ்புக் தானே கெடுத்துக்கொண்டது. ஆண்டு முடிகிறதே என்று, அந்த வருடம் அதிகம் பேர் விரும்பிய படத்தை எடுத்து, சுற்றிலும் நடனமாடும் பொம்மைகளை வரைந்து, இதோ உங்கள் ஆண்டு என்று அவரவர் முன் நீட்டியது. இணைய வடிவமைப்பில் பெயர் பெற்ற எரிக் மேயருக்கு வந்தது அவருடைய மகளின் முகம். அந்தக் குழந்தை மூளைப் புற்றுநோயால், தன் ஆறாவது பிறந்த நாளில், அந்த ஜூன் மாதம் இறந்திருந்தாள். மேயர் யாரையும் திட்டவில்லை. வேண்டுமென்றே செய்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் நல்ல வருடமாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிரல் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று தொழில்காரராகவே விளக்கினார். சம்பந்தப்பட்ட அதிகாரி மன்னிப்புக் கேட்டார்.

இத்தனைக்கும் பிறகுதான் 2015 பிப்ரவரி 12 அன்று ஃபேஸ்புக் "லெகசி கான்டாக்ட்" என்பதைக் கொண்டுவந்தது. நான் இறந்தால் என் பக்கத்தை இவர் கவனிப்பார் என்று உயிரோடு இருக்கும்போதே ஒருவர் பெயரைக் குறிக்கலாம், அல்லது அப்படியே அழித்துவிடுங்கள் என்றும் சொல்லி வைக்கலாம். கூகுள் இரண்டு வருடம் முந்திக்கொண்டது. 2013 ஏப்ரலிலேயே, இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்கு இன்னது கொடு என்று எழுதி வைக்கும் வசதி செய்துவிட்டது. ஆப்பிள் 2021 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது.

இங்கேதான் எங்கள் வகுப்பறை நுழைகிறது. இது நாமினி அல்லவா! ஆயுள் காப்பீட்டில் நாமினி என்பது 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 39-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சாவை வைத்துத்தான் அந்த வியாபாரமே, அதனால் முதலிலேயே யோசித்துவிட்டார்கள். வங்கிகளோ ரொம்பத் தாமதம். டெபாசிட்டுக்கு நாமினி போடும் பிரிவு 1983 திருத்தத்தில் வந்து 1985-ல்தான் நடைமுறையானது. அதற்கு முன்னால் வங்கியில் பணம் போட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை முறை நடந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், தொடங்கிப் பதினோரு வருடத்தில் நாமினி கொண்டுவந்த ஃபேஸ்புக்கைத் தாமதம் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். வங்கி நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல, வாங்கி வைத்து வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். காப்பீட்டிலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் சொன்னது. (2015 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் கதை வேறு. பரீட்சைக்கு வரும்!) எப்படிப் பார்த்தாலும் வங்கியில் நாமினி கைக்கு மொத்தப் பணமும் வந்துவிடும். ஃபேஸ்புக் நாமினி கைக்கு எல்லாம் வராது. முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டலாம், நட்பு வேண்டுகோளை ஏற்கலாம், அனுமதி இருந்தால் படங்களையும் பதிவுகளையும் இறக்கிக்கொள்ளலாம். மெசேஜ் மட்டும் திறக்காது. லாக்கர் சாவியைத் தவிர மீதிச் சாவி எல்லாம் கொடுத்தது மாதிரி.

லாக்கரைத் திறக்கச் சொன்ன வழக்கு ஜெர்மனியில் நடந்தது. அக்காவின் கேள்வியே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2012 டிசம்பரில் பெர்லினில் 15 வயதுப் பெண் ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறந்தாள். விபத்தா, தானே விழுந்தாளா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. அந்த ரயிலை ஓட்டியவர் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு வேறு கேட்டிருந்தார், ஆகையால் பதில் தெரிய வேண்டியது சட்டப்படியும் அவசியம். மகளின் ஃபேஸ்புக் கடவுச்சொல் அம்மாவிடம் இருந்தது. நுழைந்து பார்த்தால் முடியவில்லை. இடையில் யாரோ தகவல் கொடுத்து, பக்கம் நினைவுப் பக்கம் ஆகிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2015-ல் பெர்லினின் கீழ் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் சொன்னது. 2017-ல் மேல் நீதிமன்றம் ஃபேஸ்புக் பக்கம் சொன்னது. காரணம்: மெசேஜ் என்பது அந்தப் பெண் எழுதியது மட்டும் அல்ல, அவளுக்கு மற்றவர்கள் எழுதியதும்தான். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவளை நம்பி எழுதினார்கள், அவளுடைய அம்மாவை நம்பி அல்ல. 2018 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் உச்ச அமைப்பான கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் அதை மாற்றியது. ஒருவர் இறந்தால் அவருடைய நாட்குறிப்பும் பெட்டியில் கிடக்கிற கடிதங்களும் வாரிசுக்குத்தானே போகின்றன? அந்தக் கடிதங்களையும் வேறு யாரோ நம்பித்தானே எழுதினார்கள்? காகிதத்துக்கு ஒரு நியாயம், கணினிக்கு ஒரு நியாயம் கிடையாது, ஒப்பந்தம் வாரிசுக்குப் போகும் என்றது.

அதற்குப் பிறகு ஃபேஸ்புக் என்ன செய்தது தெரியுமா? 14,000 பக்கத்துக்கு மேல் வருகிற ஒரு பி.டி.எஃப். கோப்பை யு.எஸ்.பி. குச்சியில் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆயிற்று என்றது. 2005-ல் யாஹூவின் குறுந்தகடு ஞாபகம் வருகிறதா? பெற்றோர் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2020 ஆகஸ்டில், கணக்கில் அந்தப் பெண் எப்படி உலாவியிருப்பாளோ அப்படிப் பார்க்க விட வேண்டும், அவள் பெயரில் புதிதாக எதுவும் எழுத மட்டும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மகள் இறந்து ஏழரை வருடத்துக்கு மேல்.

இதைப் படித்து முடித்தபோது அந்தப் பெற்றோருக்காக மனசு துடித்தது உண்மை. ஆனால் 2017 தீர்ப்பைப் படித்தபோது வேறொன்றும் ஆனது. யாஹூ செய்தது முழுத் தவறு இல்லை என்று முன்னால் சொன்னேனே, அதற்குக் காரணம் இது. எங்கள் தெரு அண்ணனிடம் நான் நிறையப் பேசியிருக்கிறேன். பிளஸ் டூவில் மார்க் குறைந்து, வீட்டில் சொல்லப் பயந்து, ராத்திரி இரண்டு மணி வரை நான் அவருக்கு எழுதியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத சில விஷயங்கள். அக்கா திறக்க முடியுமா என்று கேட்டபோது ஒரு நொடி எனக்குள் சுருக்கென்றது. அந்த நொடியைப் பற்றி எனக்கு வெட்கம்தான், இருந்தாலும் மறைக்க விரும்பவில்லை.

திறப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இருப்பதே நிலைக்குமா என்பது அடுத்த கவலை. நம் ஊர்ப் பையன்கள் ஒரு காலத்தில் விழுந்து கிடந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. வேண்டியவர்கள் தங்கள் படங்களை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். கணக்கு வைத்திருப்பவர் நுழைந்து இறக்க வேண்டும். இறந்தவர் எப்படி நுழைவார்? மைஸ்பேஸ் 2019-ல், இடம் மாற்றும்போது 2016-க்கு முன் ஏற்றிய படங்களும் பாட்டுகளும் போய்விட்டன என்று சாதாரணமாகச் சொன்னது. 2019 நவம்பரில் ட்விட்டர், ஆறு மாதம் நுழையாத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்தது. இறந்துபோன எங்கள் ஆட்களின் பக்கங்களுமா என்று கூக்குரல் எழுந்ததும் மறுநாளே பின்வாங்கியது. கூகுளோ 2023 டிசம்பரில் இருந்து, இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்குகளை நீக்க ஆரம்பித்துவிட்டது. வங்கியில் பத்து வருடம் தொடாத பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றினாலும், அப்புறம் கேட்டால் திருப்பிக் கொடுப்பார்கள். இங்கே அப்படி ஒரு நிதி இல்லை.

இது ஏதோ நாலு பேர் பிரச்சினை என்றும் தள்ள முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் கார்ல் ஓமன், டேவிட் வாட்சன் என்ற இருவர் 2019-ல் கணக்குப் போட்டார்கள். 2018-க்குப் பிறகு ஃபேஸ்புக்கில் புதிதாக ஒருவரும் சேரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 2100-க்குள் 140 கோடி உறுப்பினர்கள் இறந்திருப்பார்கள், 2070 வாக்கிலேயே இருப்பவரைவிட இறந்தவர் அதிகமாகலாம். அதில் இந்தியாவின் பங்கு மிகப் பெரியது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நான் இறந்தாலோ செயலிழந்தாலோ என் தரவு உரிமைகளை இவர் பயன்படுத்தட்டும் என்று ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்ற ஏற்பாட்டோடு. அந்த நாமினி மற்றவர்கள் எழுதிய மெசேஜையும் கேட்கலாமா என்ற பெர்லின் கேள்விக்கு அந்தப் பிரிவில் நேரடியாக ஒரு வரியும் இல்லை. அதுவும், உயிரோடு இருக்கும்போது நியமித்திருந்தால்தான். இருபத்துமூன்று வயதில் பைக்கை எடுக்கிறவன் யாரை நியமிப்பான்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். தெரிந்ததைச் சொன்னேன். இறப்புச் சான்றிதழ் வைத்து விண்ணப்பித்தால் நினைவுப் பக்கம் ஆக்குவார்கள், பிறந்த நாள் அறிவிப்பு நின்றுவிடும், படங்கள் அப்படியே இருக்கும். ஆனால் அதன் பிறகு கடவுச்சொல் என்றைக்காவது கிடைத்தாலும் உள்ளே போக முடியாது. மெசேஜ் வேண்டுமானால் நீதிமன்றம்தான், அதிலும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. என் மெசேஜ்களும் அதில் இருப்பதையும் சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கென்னடா, நீ அவன்கிட்ட சொன்னது அவனோடயே இருக்கட்டும்" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பச்சை ஃபைல் எடுத்தார். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், எல்.ஐ.சி. பத்திரம். பத்திரத்தில் நாமினி இடத்தில் அம்மா பெயர், அண்ணனுடைய கோணல் கையெழுத்தில்.

சான்றிதழைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். சமையலறையில் இருந்து அம்மா, "உள்ள போகவே முடியாதுன்னு சொல்றானா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், அனுப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அடுத்த பிறந்த நாள் மார்ச்சில் வருகிறது.